ஓரியோவை வீட்டில் செய்ய: எல்லாம் தண்ணீர்க் கணக்கு

ஓரியோவை வீட்டிலேயே செய்யலாம் என்று சொல்லும் குறிப்புகளில் பெரும்பாலானவை கிரீமுக்கு ஒரே வழியைத்தான் சொல்கின்றன: வெண்ணெய், ஐசிங் சர்க்கரை, ஒரு ஸ்பூன் பால், வெனிலா எசன்ஸ். அது கேக் மேல் பூசுகிற கிரீம். சுவைக்குக் குறையில்லை. ஆனால் அதை இரண்டு பிஸ்கட்டுக்கு நடுவில் வைத்துவிட்டு மறுநாள் காலையில் எடுத்தால் பிஸ்கட் நமுத்திருக்கும். கடைப் பாக்கெட்டுக்குள் மாதக்கணக்கில் மொறுமொறுவென்று இருப்பது வீட்டில் ஓர் இரவுகூடத் தாங்குவதில்லை. ஏன் என்று தெரிந்துகொண்டு, தாங்குகிற மாதிரி செய்ய வேண்டும் என்பதுதான் இந்த வேலையின் நோக்கம்.

காரணம் தண்ணீர். வெண்ணெயில் 16 சதவீதம் வரை தண்ணீர் இருக்கலாம். பாலில் பெரும்பகுதி அதுதான். நன்றாகக் காய்ந்த பிஸ்கட் பக்கத்தில் ஈரமான எதை வைத்தாலும் உறிஞ்சிக்கொள்ளும். அமெரிக்க ஓரியோ பாக்கெட்டின் பின்பக்கத்தைப் படித்தால் பாலும் கிடையாது, வெண்ணெயும் கிடையாது. சர்க்கரை, பாமாயில் அல்லது கனோலா எண்ணெய், சோயா லெசித்தின், வாசனை என்றுதான் போகிறது. அந்த வெள்ளைக் கிரீம் முழுக்க முழுக்கக் கொழுப்பில் குழைத்த சர்க்கரை. ஈரமே இல்லாததால் பிஸ்கட்டும் நமுக்காது, கிரீமும் கெடாது. இது பிடிபட்டதும் மற்றதெல்லாம் வரிசையாக வந்தது: பிஸ்கட்டிலிருந்து தண்ணீரை வெளியேற்று, கிரீமுக்குள் தண்ணீரை விடாதே, டப்பாவுக்குள் காற்றின் ஈரத்தை விடாதே.

முதலில் அசலை அளந்துகொண்டேன். அமெரிக்கப் பாக்கெட்டில் மூன்று பிஸ்கட் 34 கிராம் என்று போட்டிருக்கும். ஆக ஒன்று 11 கிராமுக்குக் கொஞ்சம் மேல். கிரீமைக் கத்தியால் சுரண்டித் தனியாக நிறுத்தால் மொத்த எடையில் ஏறத்தாழ 30 சதவீதம் வருகிறது. (சமையலறைத் தராசு ஒன்றிரண்டு கிராமைச் சரியாகக் காட்டாது, பத்துப் பிஸ்கட்டின் கிரீமைச் சேர்த்து நிறுத்து, பத்தால் வகுப்பதே நம்பகமான வழி.) அப்படியானால் மேலும் கீழும் இருக்கும் கறுப்பு வில்லை ஒவ்வொன்றும் சுமார் 4 கிராம், நடுவில் கிரீம் 3 கிராமுக்குச் சற்று மேல். வீட்டுக் குறிப்புகளில் கிரீமை இதைவிட இரண்டு மடங்கு வைக்கிறார்கள். பார்க்க நன்றாக இருந்தாலும் கடிக்கும்போது பக்கவாட்டில் பிதுங்கி வந்துவிடும்.

அடுத்தது கருப்பு நிறம். அது சாயமா என்று பலரும் கேட்கிறார்கள். இல்லை, கோக்கோவேதான். ஆனால் சாதாரணக் கோக்கோ இல்லை. இயல்பான கோக்கோ புளிப்புத்தன்மை கொண்டது, நிறமும் செம்பழுப்பு. அதைக் காரத்தோடு (மிளகாய்க் காரம் இல்லை, புளிப்பை முறிக்கும் அல்கலி) சேர்த்துப் பதப்படுத்தினால் புளிப்பு போய் நிறம் கறுக்கும். 19-ஆம் நூற்றாண்டில் ஹாலந்தின் வான் ஹூட்டன் கொண்டுவந்த முறை என்பதால் இதை இன்றும் டச்சுக் கோக்கோ என்கிறார்கள். காரத்தை இன்னும் அதிகமாக ஏற்றினால் கிடைப்பது கரிக்கறுப்பான பிளாக் கோக்கோ. ஓரியோவின் நிறம் அதற்கு மிக நெருக்கம்.

கேக் பொருள்கள் விற்கும் கடைகளில் இரண்டுமே கிடைக்கின்றன. பாக்கெட்டில் 501 என்ற எண் இருக்கிறதா என்று பாருங்கள். அது பொட்டாசியம் கார்பனேட்டைக் குறிக்கும் எண், காரம் சேர்த்திருக்கிறார்கள் என்று அர்த்தம். பிளாக் கோக்கோவை மட்டும் போட்டால் நிறம் அபாரமாக வரும், ஆனால் சாக்லேட் வாசனை மெலிந்துவிடும், வாயில் ஒரு வறட்சியும் தட்டும். 25 கிராம் பிளாக் கோக்கோ, 15 கிராம் டச்சுக் கோக்கோ என்ற கலவை எனக்குத் திருப்தியாக இருந்தது. நிறத்தில் ஓரியோவை விட ஒரு சாயல் குறைவு, மணத்தில் அதைவிட மேல்.

மாவுக்கான அளவு இதுதான். மைதா 150 கிராம், மேலே சொன்ன கோக்கோ 40 கிராம், பொடித்த சர்க்கரை 110 கிராம், வனஸ்பதி 85 கிராம், கோல்டன் சிரப் அல்லது தேன் 15 கிராம், தண்ணீர் 30 கிராம், உப்பு அரை ஸ்பூன், சமையல் சோடா கால் ஸ்பூன். இதில் சோடாவையும் உப்பையும் குறைக்க வேண்டாம். கோக்கோவில் புளிப்பு இல்லாததால் சோடா இங்கே பொங்கவைக்கிற வேலையைப் பெரிதாகச் செய்வதில்லை. நிறத்தை இன்னும் கறுக்கவைத்து, அந்தக் காரக் கசப்பைக் கொடுப்பதுதான் அதன் வேலை. கிரீமைத் தள்ளிவிட்டு வில்லையை மட்டும் மென்று பாருங்கள், ஓரியோவின் சுவை எவ்வளவு கசப்பும் உப்பும் கலந்தது என்று தெரியும். கிரீமின் தித்திப்புக்கு எதிராக நிற்பது அதுதான்.

பிஸ்கட்டுக்கு வெண்ணெய் போடலாமே என்று தோன்றும். போட்டும் பார்த்தேன். வெண்ணெய் மணம் கோக்கோவை அமுக்கிவிடுகிறது. நல்ல வெண்ணெய் பிஸ்கட் ஒன்று கிடைக்கும், ஓரியோ கிடைக்காது.

கொழுப்பையும் சர்க்கரையையும் குழைத்து, சிரப்பையும் தண்ணீரையும் சேர்த்து, கடைசியில் மைதா, கோக்கோ, உப்பு, சோடாவைச் சலித்துப் போட்டுப் பிசைய வேண்டும். மாவு ஒன்று சேர்ந்ததும் நிறுத்திவிடுங்கள். இழுத்து இழுத்துப் பிசைந்தால் மைதாவில் பசைத்தன்மை ஏறி, பிஸ்கட் வேகும்போது சுருங்கி நீள்வட்டமாகிவிடும். அரை மணி நேரம் ஃபிரிட்ஜில் வைத்தபின் தேய்க்கலாம்.

தேய்ப்பதற்கு மேல்மாவு தூவக் கூடாது. கறுப்பு வில்லையில் வெள்ளைத் திட்டு விழும், வெந்தபின்னும் போகாது. அம்மா போளி தட்டும்போது செய்வதைத்தான் இங்கும் செய்தேன். "பால் கவரை வெட்டிக் கழுவித் துடைச்சு வெச்சிருக்கேன் பாரு, அதுக்கு நடுவுல வெச்சுத் தேயி, ஒட்டாது" என்றார். ஒட்டவில்லை. எல்லா வில்லையும் ஒரே கனமாக வர, பள்ளிக்கூட மர ஸ்கேல் இரண்டை இருபக்கமும் வைத்து, அவற்றின் மேல் உருட்டுக்கட்டை ஓடும்படி தேய்த்தேன். ஸ்கேலின் கனம் 3 மில்லிமீட்டர், அதுவே மாவின் கனம். 4 சென்டிமீட்டர் விட்டமுள்ள பாட்டில் மூடியால் வெட்டினால் ஒரு பச்சை வில்லை நாலரை கிராமுக்கு மேல் வரும். வெந்து காய்ந்தபின் அசலின் எடைக்கு அருகில் வந்து நிற்கும்.

மேலே இருக்கும் பூவேலையை விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. இன்று நாம் பார்க்கும் ஓரியோ வடிவம் 1952-இல் வந்தது. ஓரியோவைத் தயாரித்த நபிஸ்கோ நிறுவனத்தில் வேலை பார்த்த வில்லியம் டர்னியர் வரைந்த வரைபடம் அதற்கு ஆதாரமாக இருக்கிறது. சுற்றிலும் நான்கு இதழ்ப் பூக்கள், நடுவில் நிறுவனத்தின் முட்டைவடிவ முத்திரையும் இரட்டைக் குறுக்குச் சிலுவையும். இந்த மாதிரி பிஸ்கட்டுக்குத் தொழிற்சாலைகளில் வடிவம் குடைந்த உலோக உருளையின் குழிகளுக்குள் மாவை அழுத்தி எடுப்பார்கள். வீட்டில் அது முடியாது. வெட்டுக் கண்ணாடி டம்ளரின் அடிப்பாகத்தைக் கோக்கோத்தூளில் தொட்டு அழுத்தினால் நட்சத்திரக் கோடுகள் அழகாக விழுகின்றன. மரக் கொழுக்கட்டை அச்சிலும் செய்யலாம், பள்ளம் ஆழமில்லாத அச்சாக இருந்தால் போதும். அழுத்திய வில்லைகளைத் தட்டோடு பத்து நிமிடம் ஃப்ரீசரில் வைத்துவிட்டு அடுப்பில் ஏற்றுங்கள். கொழுப்பு உருகி மாவு பரவுவதற்குள் மேற்பரப்பு இறுகிவிடும், கோடுகள் மழுங்காது. கிரீம் பக்கம் வரப்போகிற அடிப்புறத்தில் முள்கரண்டியால் நாலு குத்து. நீராவி வெளியே போகவும் வில்லை உப்பாமல் தட்டையாக இருக்கவும் அது உதவும். நம்மூரில் ஓரியோ வருவதற்கு வெகுகாலம் முன்பே வீட்டுக்கு வீடு இருந்த போர்பன் பிஸ்கட்டின் மேலே வரிசையாக ஓட்டைகள் இருக்குமே, அதுவும் இதற்குத்தான்.

இனி வேகவைப்பது. இந்த முழு வேலையிலும் எனக்குப் பிடித்த பகுதி இதுதான். சாதாரண பிஸ்கட் வெந்ததா என்று ஓரம் சிவப்பதைப் பார்த்துச் சொல்லிவிடலாம். இது உள்ளே போகும்போதே கறுப்பு. மணம் வந்ததும் எடு என்கிறார்கள். மணம் வருவது உண்மை, ஆனால் உள்ளே எவ்வளவு ஈரம் மிச்சமிருக்கிறது என்று மணம் சொல்லாது. அதனால் தராசைப் பிடித்தேன்.

கணக்கு எளிது. மேலே கொடுத்த மாவின் மொத்த எடை சுமார் 435 கிராம். இதில் நாம் ஊற்றிய தண்ணீர் 30 கிராம். மைதாவிலேயே 12, 13 சதவீதம் ஈரம் உண்டு, அது ஏறத்தாழ 20 கிராம். சிரப்பிலும் கோக்கோவிலும் சேர்ந்து ஒரு 5 கிராம். ஆக 55 கிராம் தண்ணீர். நல்ல மொறுமொறுப்பான பிஸ்கட்டில் இரண்டு, மூன்று சதவீதத்துக்கு மேல் ஈரம் இருக்கக் கூடாது. அதாவது சுமார் 10 கிராம் உள்ளே இருக்கலாம், மீதி 45 கிராம் ஆவியாகிப் போக வேண்டும். சுருக்கமாகச் சொன்னால் உள்ளே போன எடையில் பத்தில் ஒரு பங்கு குறைந்து வெளியே வர வேண்டும். வெறும் தட்டின் எடையைக் குறித்துக்கொண்டு, வில்லைகளோடு ஒருமுறை, வெந்தபின் ஒருமுறை நிறுத்தால் போதும். 200 கிராம் உள்ளே போனால் 180 கிராம் வர வேண்டும். 187 என்று காட்டினால் எவ்வளவு மணம் வந்தாலும் வேலை முடியவில்லை.

சூட்டைக் கூட்டி அந்த மிச்ச ஈரத்தை விரட்டப் பார்த்தால் கோக்கோ தீய்ந்துவிடும். 160 டிகிரியில் கால் மணி நேரம் வேகவைத்து, பிறகு 110 டிகிரிக்கு இறக்கி, ஓடிஜியின் (மின் அடுப்புப் பெட்டியின்) கதவை ஒரு மரக்கரண்டி அளவு திறந்துவைத்துக் காயவிட்டால் எடை மெல்ல இறங்கி இலக்குக்கு வந்துவிடும். அடுப்புக்கு அடுப்பு நேரம் மாறும், தராசைத்தான் நம்ப வேண்டும். எடுத்தவுடன் வில்லை மெத்தென்று இருந்தால் பயப்பட வேண்டாம். ஆறியதும் இறுகி, உடைத்தால் 'டக்' என்று சத்தம் கேட்கும். கம்பி வலையின் மேல் ஆறவைப்பது முக்கியம். தட்டிலேயே விட்டால் அடியில் வேர்க்கும், இவ்வளவு பாடுபட்டு வெளியேற்றிய தண்ணீர் அந்த வழியில் திரும்ப வந்துவிடும்.

அடுத்தது கிரீம். எந்தக் கொழுப்பு என்பதில்தான் எல்லாம் இருக்கிறது.

ஓரியோவின் சொந்த வரலாறே ஒருவகையில் கொழுப்பு மாறிய வரலாறுதான். 1912-இல் நியூயார்க்கின் செல்சீ பகுதித் தொழிற்சாலையிலிருந்து முதன்முதலாக விற்பனைக்கு வந்தது. (அதற்கு நான்கு ஆண்டுகள் முன்பே, 1908-இல், ஹைட்ராக்ஸ் என்ற இன்னொரு கறுப்பு வெள்ளை பிஸ்கட் அமெரிக்காவில் வந்துவிட்டது. முதலில் வந்தது அதுதான், ஓரியோ இல்லை.) பல பத்தாண்டுகள் ஓரியோ கிரீமில் இருந்தது பன்றிக் கொழுப்பு. சாதாரண வெப்பத்தில் உருகாமல் குழைவாகவே நிற்கும் என்பதால் அது கிரீமுக்குத் தோதானது. 1990-களின் நடுவில் அதை நீக்கிவிட்டு ஹைட்ரஜன் ஏற்றிய தாவர எண்ணெய்க்குப் போனார்கள். 1997-இல், யூதர்களின் உணவு விதிகளுக்கு உட்பட்டது என்று சொல்லும் கோஷர் சான்றும் கிடைத்தது. அப்படி ஹைட்ரஜன் ஏற்றும்போது உருவாகும் டிரான்ஸ் கொழுப்பின் கேடு பெரிதாகப் பேசப்பட்டு, 2003-இல் கலிஃபோர்னியாவில் ஓரியோவின் மேல் வழக்கே போட்டபின், 2006 வாக்கில் அதையும் மாற்றினார்கள். இன்று இருப்பது பாமாயிலும் கனோலாவும். ஒவ்வொரு முறையும் அவர்கள் தேடியது ஒன்றைத்தான்: அறை வெப்பத்தில் நிற்க வேண்டும், வாயில் போட்டால் கரைய வேண்டும்.

அமெரிக்க அறை வெப்பம் வேறு, சித்திரை மாதச் சென்னையின் அறை வெப்பம் வேறு. எங்கள் சமையலறை மதியத்தில் 35 டிகிரியைத் தொடும். தேங்காய் எண்ணெய் 24, 25 டிகிரியிலேயே உருகிவிடும். ஃபிரிட்ஜில் இறுகியிருக்கும் கிரீம் மேசைக்கு வந்த சற்று நேரத்தில் வழிகிறது, தேங்காய் மணமும் தூக்கலாகத் தெரிகிறது. வெண்ணெய் தண்ணீரால் முதலிலேயே கழிந்துவிட்டது. தண்ணீர் இல்லாத நெய் நல்ல யோசனையாகத் தோன்றும், ஆனால் அந்த மணம் வெனிலாவோடு ஒத்துப்போகாது, மணல்மணலாகவும் உறையும். கோக்கோ வெண்ணெய் 34 டிகிரி வரை தாங்கும், ஆனால் கல்லாக இறுகிவிடும், வில்லையைத் திருகினால் கிரீம் உடைகிறது. கடைசியில் நின்றது வனஸ்பதி. நம் நாட்டுத் தரக்கட்டுப்பாட்டின்படி அதன் உருகுநிலை 31 முதல் 41 டிகிரிக்குள் இருக்க வேண்டும். வெள்ளை நிறம், மணமும் கிடையாது.

வனஸ்பதி என்றதும் முகம் சுளிப்பவர்கள் உண்டு, அதில் நியாயமும் உண்டு. பழைய வனஸ்பதியில் டிரான்ஸ் கொழுப்பு மிக அதிகம். 2022 ஜனவரி முதல் எண்ணெய், கொழுப்புப் பொருள்களில் அது 2 சதவீதத்துக்கு மேல் இருக்கக் கூடாது என்று இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமான எஃப்எஸ்எஸ்ஏஐ கட்டுப்பாடு கொண்டுவந்துவிட்டது. ஆகவே புதுப் பாக்கெட்டாக, லேபிளைப் படித்து வாங்குங்கள். நிறைவுற்ற கொழுப்பு அப்போதும் நிறையவே இருக்கும். இது தினம் தின்கிற பண்டம் இல்லை, கடையில் வாங்கினாலும் இல்லை.

கிரீமுக்கு வனஸ்பதி 40 கிராம், சர்க்கரைத்தூள் 110 கிராம், வெனிலின் தூள் ஒரு சிட்டிகை, உப்பு அரைச் சிட்டிகை. திரவ எசன்ஸ் வேண்டாம். அதிலும் தண்ணீரோ ஆல்கஹாலோ இருக்கும், சர்க்கரை கட்டி தட்டும். சர்க்கரையின் நைசு ரொம்ப முக்கியம். துகள் 25, 30 மைக்ரானைத் தாண்டினால் நாக்குக்கு நறநறவென்று தெரிந்துவிடும். மிக்ஸியில் வீட்டிலேயே அரைத்தது அந்த அளவுக்கு வராது. கடை ஐசிங் சர்க்கரை பரவாயில்லை, அதையும் மெல்லிய துணியில் வஸ்திரகாயம் செய்து எடுத்தேன். நாட்டு மருந்துக்குச் சூரணம் சலிக்கிற அதே முறை. துணியில் நின்ற கசடைப் பார்த்தபின் சல்லடையை நம்ப மனம் வரவில்லை.

இதை பீட்டரால் அடிக்கக் கூடாது. அடித்தால் காற்று புகுந்து பஞ்சாகும். ஓரியோவின் கிரீம் அடர்த்தியானது. கையால் அழுத்திப் பிசைய வேண்டும். முதலில் உதிரியாகத்தான் இருக்கும், போதவில்லை என்று நினைத்து இன்னும் கொஞ்சம் கொழுப்பைச் சேர்க்கக் கை போகும். சேர்க்காதீர்கள். கைச்சூட்டில் கொழுப்பு பரவி, சில நிமிடங்களில் சப்பாத்தி மாவு மாதிரி ஒரே உருண்டையாகத் திரண்டுவிடும். இந்த அளவு நாற்பது சொச்சம் ஜோடிகளுக்குச் சரியாக வரும். சிறு சிறு உருண்டையாக, ஒவ்வொன்றும் மூன்றேகால் கிராம் அளவுக்கு உருட்டிவைத்துக்கொள்ளலாம்.

சேர்ப்பதில் ஒரு நுணுக்கம் இருக்கிறது. ஓரியோவைத் திருகினால் கிரீம் முழுக்க ஒரு வில்லையிலேயே ஒட்டிக்கொண்டு வரும், இன்னொன்று சுத்தமாகப் பிரியும். 2022-இல் அமெரிக்காவின் எம்ஐடி பல்கலைக்கழக ஆராய்ச்சியாளர்கள் இதைக் கருவியில் பொருத்தித் திருகிப் பார்த்து ஆய்வுக் கட்டுரையே எழுதினார்கள். ரப்பர் பேண்டும் நாணயங்களும் போட்டு இயக்குகிற 'ஓரியோமீட்டர்' ஒன்றையும் முப்பரிமாண அச்சில் உருவாக்கினார்கள். எவ்வளவு வேகமாகத் திருகினாலும் கிரீம் பெரும்பாலும் ஒரு பக்கத்திலேயே தங்கியது. கிரீம் நடுவில் கிழிவதில்லை, வில்லையை விட்டுத்தான் பிரிகிறது. தயாரிக்கும்போது கிரீமை முதலில் ஒரு வில்லையில் வைத்து, அதன் மேல் மற்றொன்றை மூடுகிற வரிசைதான் காரணமாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கருத்து.

வீட்டில் இதைச் சோதிப்பது சுலபம். கிரீம் உருண்டையை உள்ளங்கையில் வைத்துச் சற்று இளக்கி, முதல் வில்லையின் மேல் வைத்து நன்றாக அழுத்தித் தட்டையாக்கினேன். ஐந்து நிமிடம் ஆறி இறுகியபின் இரண்டாவது வில்லையை மேலே வைத்து லேசாக அழுத்தினேன். இன்னொரு தட்டில், இளகிய கிரீமின் மேல் உடனே இரண்டாவது வில்லையை வைத்து அழுத்தினேன். எல்லாவற்றையும் ஃபிரிட்ஜில் கால் மணி நேரம் வைத்து, வெளியே எடுத்து அறை வெப்பத்துக்கு வந்ததும் அக்கா மகளிடம் கொடுத்தேன். எந்தத் தட்டு எது என்று அவளுக்குச் சொல்லவில்லை. ஆறவிட்டுச் சேர்த்தவை ஒவ்வொன்றும் சுத்தமாகப் பிரிந்தன. உடனே சேர்த்தவற்றில் கிரீம் இரண்டு பக்கமும் கிழிந்து பிய்ந்தது. "மாமா, இந்தத் தட்டுல இருக்கறதுதான் நிஜ ஓரியோ, அது டூப்ளிகேட்" என்று அவளே பிரித்து வைத்துவிட்டாள்.

கடைசியாக, பத்திரப்படுத்துவது. காற்றுப் புகாத எவர்சில்வர் டப்பா, அடியில் காய்ந்த அரிசி கட்டிய சிறு துணி முடிச்சு. அரிசியை முன்னதாக வாணலியில் வெறுமனே வறுத்து ஆறவைத்தால்தான் அது ஈரத்தை இழுக்கும். இந்த ஏற்பாட்டில் ஒரு வாரம் கழித்தும் வில்லை 'டக்' என்று உடைகிறது. ஃபிரிட்ஜில் வைக்க வேண்டாம். வெளியே எடுத்ததும் மேலே வேர்த்து அந்த ஈரத்தைப் பிஸ்கட்டே குடித்துவிடும். ஐப்பசி மழைக்காலத்தில் செய்கிறவர்கள் வில்லைகளைச் சுட்ட அன்றே கிரீம் வைத்துவிடுங்கள். மறுநாளைக்கு ஒத்திப்போட வேண்டியிருந்தால், கிரீம் வைப்பதற்கு முன் 110 டிகிரியில் பத்து நிமிடம் மறுபடி காயவைத்து ஆறவிட்டு, முதல் நாள் குறித்த எடைக்கு வந்துவிட்டதா என்று நிறுத்துப் பார்த்தபிறகு கிரீமைத் தொடுங்கள்.